இடி கேட்டால் ஒதுங்குங்கள், விழுந்தவரைத் தொடுங்கள்!



சித்திரை பிறந்தால் நம் வட்டாரத்தில் வானம் ஒரு நாளுக்குள்ளேயே இரண்டு முகம் காட்டும். காலையில் மேகமே இருக்காது. பத்து மணிக்கெல்லாம் முதுகு எரியும். மத்தியானத்தில் இலை அசையாது, ஒரே புழுக்கம். மூன்று, நாலு மணிக்குக் கிழக்கே கருமேகம் கட்டிக்கொண்டு கடகடவென்று முழங்கத் தொடங்கும். கோலா சுங்கை பாரு, மஸ்ஜிட் தானா, லுபோக் சீனா பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நமக்கு இது ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய காட்சி. பழகிப்போனதால்தான் பயமும் விட்டுப்போய்விட்டது. "இன்னும் மழை வரலையே, இந்த நிரையை முடிச்சிட்டுப் போயிடலாம்" என்று வேலையைத் தொடர்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இந்த மாதம் உங்களுக்கு இரண்டே விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று: ஒதுங்க வேண்டிய நேரம் மழை வரும் நேரமல்ல, முதல் இடி காதில் விழும் நேரம். இரண்டு: மின்னல் தாக்கி விழுந்தவரின் உடம்பில் மின்சாரம் இருக்காது. அவரைத் தொடலாம், தொடத்தான் வேண்டும். இவை இரண்டும் தெரிந்திருந்தால் போகவிருக்கும் உயிர்கள் பல நிற்கும்.

இந்த மாதங்களில் ஏன் இவ்வளவு இடி?

நம் நாட்டில் இரண்டு பருவக்காற்றுகள் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று. மே மாதக் கடைசி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. ஒன்று போய் இன்னொன்று வருவதற்கு இடைப்பட்ட காலத்தில், அதாவது மார்ச் கடைசி முதல் மே வரையிலும், மறுபடி அக்டோபர், நவம்பரிலும், காற்று நிலையில்லாமல் மெதுவாக வீசும். அந்த நாட்களில் காலை வெயில் தரையைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. மலாக்கா நீரிணையிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே வந்து அதையும் சேர்த்து மேலே தள்ளுகிறது. இப்படித்தான் பிற்பகலில் இடிமேகம் உருவாகிறது. வெயில் எவ்வளவு கடுமையோ, புழுக்கம் எவ்வளவு அதிகமோ, இடியும் அவ்வளவு பலமாக வரக்கூடும்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, சில நாட்களில் சுமத்திரா பக்கத்தில் இரவில் உருவாகும் இடிமேகங்கள் வரிசை கட்டிக்கொண்டு நீரிணையைத் தாண்டி வரும். இதைச் "சுமத்திராக் காற்று" என்பார்கள். விடியற்காலையிலும் காலையிலும் பலத்த காற்றோடும் இடியோடும் மேற்குக் கரையில் வந்து மோதும். நாம் கடலோரத்தில் இருப்பதால் அது முதலில் நம்மிடம்தான் வரும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரத்தடியில் நிற்கும் நேரமும் அதுதான். ஆகையால் பிற்பகலில் கிழக்கே பாருங்கள், விடியற்காலையில் கடல் பக்கம் பாருங்கள்.

காற்று மாறும் காலத்தில் வேறு நாடுகளிலும் இப்படித்தான். நம் வடக்கே கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்டு கிடக்கும், பிறகு இடிமழை தொடங்கும். இந்த நாட்டில் பதிவான மிகக் கடுமையான வெப்பம், 40.1 டிகிரி, 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவானது. இந்தியாவின் வட சமவெளியில் சித்திரை, வைகாசி வெயிலுக்குப் பிறகு புழுதிக்காற்றும் இடியும் கிளம்பும். மழைக்காலம் தொடங்கும்போது இன்னும் மோசம். 2020 ஜூன் 25-ஆம் நாள் பீகார் மாநிலத்தில் மட்டும் ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்டவர்கள் மின்னல் தாக்கி இறந்தார்கள். அவர்களில் பலர் வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஏழை விவசாயிகள், கூலிகள். மின்னல் சாதி, மதம் பார்ப்பதில்லை என்பார்கள். ஆனால் வெட்டவெளியில் உழைக்கிறவன் தலையில்தான் அது அதிகமாக விழுகிறது. நம் தோட்டங்களுக்கும் இது பொருந்தும்.

ஆளைக் கொல்வது எது?

"இடி விழுந்து செத்தான்" என்று சொல்கிறோம். உண்மையில் இடி என்பது வெறும் சத்தம். கொல்வது மின்னல். மேகத்தின் மேற்பகுதி பனிக்கட்டி உறையும் குளிரில் இருக்கிறது. அங்கே பனித் துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதி மோதி மின்சாரம் சேர்கிறது. அது தரைக்கு இறங்கும் வழிதான் மின்னல். அந்த வழியில் உள்ள காற்று ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏறக்குறைய 30,000 டிகிரி வரை சூடாகிறது. இது சூரியனின் மேற்பரப்பைப் போல் ஐந்து மடங்கு. அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரியும் ஓசையே இடி.

வெளிச்சம் உடனே கண்ணுக்குத் தெரியும். சத்தம் ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க மூன்று விநாடி எடுக்கும். மின்னல் வெட்டியதும் நிதானமாக எண்ணத் தொடங்குங்கள். ஒன்பது எண்ணும்போது இடி கேட்டால் மின்னல் விழுந்த இடம் மூன்று கிலோமீட்டர் தூரம். முப்பது எண்ணும்போது கேட்டால் பத்துக் கிலோமீட்டர். "பத்துக் கிலோமீட்டர்தானே, தூரமாச்சே" என்று எண்ணாதீர்கள். முதல் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்திருந்தாலும், அடுத்தது உங்கள் நிரையிலேயே விழலாம். மழை பெய்யும் இடத்தைவிட்டு வெகுதூரம் தள்ளி, தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும் இடத்திலும் மின்னல் விழுவதுண்டு. எனவே எண்ணத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இடி காதில் கேட்கிறதா? அப்படியானால் நீங்கள் அது எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள்.

மின்னல் நேராகத் தலையில் விழுவது குறைவு. பெரும்பாலும் மூன்று வழிகளில் அது ஆளைத் தாக்குகிறது.

முதல் வழி, மரத்தில் விழுந்து, பக்கத்தில் நிற்கும் ஆள் மேல் பாய்வது. மரத்தடியில் ஒதுங்குகிறவர்களுக்கு இது நேர்கிறது. இரண்டாவது, கம்பி வேலி, தண்ணீர்க் குழாய், மின்சாரக் கம்பி வழியாக ஓடிவந்து, அதைத் தொட்டுக்கொண்டிருப்பவரைத் தாக்குவது. மூன்றாவது, தரையில் விழுந்து மண்ணில் பரவி, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்குவது. இதில்தான் மிக அதிகமானவர்கள் அடிபடுகிறார்கள். மரத்தடியில் நின்ற மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். மின்சாரம் அதன் நெஞ்சு வழியாகவே ஓடுகிறது. அதனால்தான் அவை அப்படிச் சாகின்றன.

வேலைக்காட்டில் இருக்கும்போது

முதல் இடி கேட்டதும் வேலையை நிறுத்துங்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் அந்த நீண்ட அலுமினியக் கம்பை உடனே கீழே போட்டுவிடுங்கள். இரும்பு மின்னலை இழுக்கும் என்பது முழு உண்மையல்ல. உங்கள் இடுப்பிலுள்ள உளியோ கத்தியோ மின்னலை இழுப்பதில்லை. உயரமே ஆபத்து. தூக்கிப் பிடித்த நீண்ட கம்பு உங்களையும் உயரமாக்கிவிடுகிறது.

எங்கே ஒதுங்குவது? நான்கு பக்கமும் சுவருள்ள கட்டடத்துக்குள் போங்கள். ஆபீஸ், சுவர் வைத்த ஸ்டோர், லயத்து வீடு எதுவானாலும் சரி. கட்டடம் தூரமாக இருந்தால் இரும்புக் கூரையுள்ள லாரியின் முன்பக்கத்திலோ வேனிலோ காரிலோ ஏறி, கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொள்ளுங்கள். உள்ளேயிருக்கும் இரும்பைத் தொடாதீர்கள். மின்னல் விழுந்தாலும் வண்டியின் இரும்புக்கூடு வழியாகத் தரைக்குப் போய்விடும். டயர் ரப்பர் என்பதால் காப்பாற்றுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. காப்பாற்றுவது அந்த இரும்புக்கூடு. ஆகையால் கூரையில்லாத டிராக்டரும் மோட்டார் சைக்கிளும் எந்தப் பாதுகாப்பும் தரமாட்டா.

நான்கு தூண்மேல் தகரம் போட்ட பால் நிறுக்கும் கொட்டகை மழைக்கு ஒதுங்க உதவும், மின்னலுக்கு உதவாது. தனித்து நிற்கும் பெரிய மரம், மேட்டு நிலம், கம்பி வேலி, குளத்தங்கரை, திறந்த திடல் எல்லாம் ஆகாத இடங்கள். கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களும் கடலில் குளிக்கும் பிள்ளைகளும் இடி கேட்டவுடன் கரையேறி, கரையைவிட்டும் போய்விட வேண்டும்.

போக இடமே இல்லை என்றால்? மேட்டிலிருந்து இறங்கித் தாழ்வான இடத்துக்கு வாருங்கள். மரத்தண்டை ஒட்டாமல் இரண்டு நிரைக்கு நடுவே இருங்கள். கூட்டமாக நிற்காமல் தள்ளித் தள்ளி இருங்கள், ஒருவர் அடிபட்டாலும் மற்றவர் உதவிக்கு இருப்பார். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் குந்துங்கள். தரையில் படுக்காதீர்கள். இது வேறு வழியே இல்லாதபோது ஆபத்தைக் குறைக்கும் முறை மட்டுமே. இதை நம்பிக் கட்டடத்துக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

மழை விட்டதும் வெளியே ஓடுவதும் தவறு. கடைசி இடி கேட்டதிலிருந்து முப்பது நிமிஷம் காத்திருங்கள். நடுவில் இன்னோர் இடி கேட்டால் முப்பது நிமிஷத்தைப் புதிதாக எண்ணுங்கள்.

வீட்டில் இருக்கும்போது

இடி நெருங்குமுன்பே தொலைக்காட்சிப் பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தலைக்கு மேல் முழங்கும்போது போய்க் கழற்ற வேண்டாம். அந்த நேரம் குழாயில் பாத்திரம் கழுவுவது, குளிப்பது, துணி துவைப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். கைத்தொலைபேசி மின்னலை இழுப்பதில்லை. ஆனால் சார்ஜில் மாட்டியபடி பேசக்கூடாது. பிள்ளைகள் திடலில் பந்து விளையாடினால் முதல் இடியிலேயே உள்ளே கூப்பிடுங்கள்.

நம் பாட்டிமார்கள் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள், நிலைக்கண்ணாடியைத் துணி போட்டு மூடுவார்கள். கண்ணாடியை மூடுவதால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அர்ச்சுனன் பேரைத் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டு சொல்லுங்கள்!

விழுந்தவரை எப்படிக் காப்பாற்றுவது?

தோழர்களே, இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மின்னல் தாக்கியவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். சாகிறவர்கள் இதயமும் மூச்சும் உடனே நின்றுபோவதால் சாகிறார்கள். பல சமயம் இதயம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கிவிடும், மூச்சு மட்டும் திரும்பாது. அந்தச் சில நிமிஷங்களில் பக்கத்தில் இருப்பவர் மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால் அந்த ஆள் பிழைக்கலாம். "கரண்டு இருக்கும், தொடாதே" என்று எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பிழைக்க வேண்டியவரும் இறந்துவிடுவார். மின்னல் கணப்பொழுதில் தரைக்குப் போய்விடுகிறது. அவர் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. ஆனால் அறுந்து விழுந்த மின்சாரக் கம்பி பக்கத்தில் கிடந்தால் அது வேறு விஷயம். அங்கே கிட்டவே போகக்கூடாது.

செய்ய வேண்டியவை இவை:

1. இடி இன்னும் முழங்கிக்கொண்டிருந்தால், முடிந்தால் அவரைப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்கிப் போங்கள். உங்கள் உயிரும் முக்கியம்.

2. ஒருவர் 999-க்குப் பேசட்டும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், பிளாக் எண், எந்தச் சாலை வழியாக உள்ளே வர வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். தோட்ட ஆஸ்பத்திரிக்கும் தகவல் கொடுங்கள். ஆம்புலன்சுக்கு வழிகாட்ட முச்சந்திக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். செம்பனைக் காட்டுக்குள் எல்லாப் பாதையும் ஒன்றுபோல் இருக்கும்.

3. அவரைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையையும் வைத்து அழுத்துங்கள். நெஞ்சு ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம், உள்ளே போக வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. 30 முறை அழுத்தியதும், தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து 2 முறை ஊதுங்கள். பழக்கமில்லாதவர்கள் அழுத்துவதை மட்டுமாவது செய்யுங்கள். கை சளைத்தால் ஆளை மாற்றிக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள்.

4. பல பேர் ஒரே நேரத்தில் விழுந்தால், சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் ஓடுங்கள். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது, அவர் காத்திருக்கலாம்.

5. தீப்புண்ணுக்குப் பச்சைத் தண்ணீரை ஊற்றிச் சுத்தமான துணியால் மூடுங்கள். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றாதீர்கள். வட இந்தியாவில் சில ஊர்களில் அடிபட்டவரைச் சாணத்தில் புதைத்து வைக்கிறார்கள். இதனால் உயிர் காக்கும் நேரம்தான் வீணாகிறது.

சிலருக்குக் கை கால் வெளுத்து, சில்லிட்டு, அசைக்க முடியாமல் போகும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகிவிடும். சிலர் தோலில் பெரணி இலை வரைந்ததுபோல் சிவந்த கோடுகள் தோன்றி, ஒரு நாளுக்குள் மறையும். அது தெய்வக் குற்றமும் இல்லை, யாரும் வைத்த சூனியமும் இல்லை. காது ஜவ்வு கிழிவது, நடந்தது மறந்துபோவது, பிற்பாடு கண்ணில் புரை விழுவது எல்லாம் உண்டு. ஆகவே, "எனக்கு ஒண்ணுமில்லே" என்று எழுந்து நடப்பவரையும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சம்பளமா, உயிரா?

இதையெல்லாம் படித்துவிட்டு, "டிரசர் சொல்வது சரிதான், ஆனால் வேலையை விட்டால் கூலி யார் கொடுப்பது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். மழையில் மங்குப் பால் கரைந்து ஓடும் வேதனையும், அறுத்த குலையை ஏற்ற முடியாத வேதனையும் தெரிந்ததே. அறியாமல் இடியில் நிற்பவரைவிட, கூலி போய்விடுமே என்று நிற்பவர்தான் அதிகம். அதனால்தான் இது மருத்துவ விஷயம் மட்டுமல்ல, சங்க விஷயமும்கூட.

1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 26ஏ பிரிவு என்ன சொல்கிறது? வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தொழிலாளிக்குத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். அப்படி விலகியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆகவே முதலில் மண்டோரிடம் சொல்லுங்கள். சொன்ன நேரத்தையும், உடனிருந்தவர் யார் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரச்சினை வந்தால் கிளைச் செயலாளரிடம் கொண்டு போங்கள்.

வேலை நேரத்தில் யாராவது அடிபட்டால், அதை வேலை விபத்தாகச் சொக்சோவுக்குத் தெரிவிக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டம் உண்டு. பக்கத்து நிரையில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இதை மலாயில் எடுத்துச் சொல்லுங்கள். மின்னலுக்கு மொழி கிடையாது.

அடுத்த கிளைக் கூட்டத்தில் நான்கு கேள்விகளை எழுப்புங்கள். இடி கேட்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் பொறுப்பு யாருடையது? விசிலா, வண்டி ஹாரனா, எது அடையாளம்? ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் எந்தக் கட்டடத்துக்கு, எந்த வண்டியில் போவது? எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்று தலையெண்ணிப் பார்ப்பது யார்? இவற்றுக்குப் பதில் இருந்தால் அதைக் காலைப் பெரட்டில் சொல்லச் சொல்லுங்கள். மலேசிய வானிலைத் துறை "ரிபுட் பெத்திர்" என்ற இடிமழை எச்சரிக்கையை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. அதன் மைசுவாச்சா செயலியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லித் தொலைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். ஆலோர் காஜா மாவட்டத்தின் பெயர் அதில் வருகிறதா என்று வேலைக்குப் புறப்படுமுன் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

நெஞ்சை அழுத்தும் முறையை எழுத்தில் படித்தால் மட்டும் போதாது. கையால் செய்து பழக வேண்டும். உங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியிலோ பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலோ கேட்டால் செய்து காட்டுவார்கள். ஒவ்வொரு வேலைக் கும்பலிலும் இரண்டு பேராவது அதைக் கற்றிருக்க வேண்டும். உங்கள் கும்பலில் அந்த இருவர் யார் என்பதை இந்த வாரமே முடிவு செய்யுங்கள்.